வீட்டுப் பிரெட்டை ஃப்ரீசரில் வைத்து எடுப்பது: மென்மை போகாமல் செய்ய முடியுமா?

மயிலை வாசகி (சென்னை):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இப்போது நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம். வார இறுதியில் ஓடிஜி அடுப்பில் கோதுமை மாவும் மைதாவும் கலந்து ஒரு முழு லோஃப் சுடுவது வழக்கம். அதை ஒரே நாளில் தீர்க்க எங்களால் முடிவதில்லை. வெளியே வைத்தால் சென்னையின் ஈரக்காற்றில் மூன்றாம் நாளுக்குள் அடிப்பக்கத்தில் பச்சைப் பூஞ்சை தலைகாட்டிவிடுகிறது. பிரிட்ஜில் வைத்தால் பூஞ்சை வருவதில்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே விறைத்துப்போய், வெண்ணெய் தடவக் கத்தியை வைத்தாலே பொலபொலவென்று உதிர்கிறது. ஃப்ரீசரில் வைக்கும்படி என் நாத்தனார் சொல்கிறார். அவர்கள் வீட்டில் அப்படி வைத்த பிரெட்டைச் சாப்பிட்டபோது மேற்புறம் பிசுபிசுவென்று ஈரமாக இருந்ததால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

பிரிட்ஜில் கெடுவது ஃப்ரீசரில் மட்டும் எப்படிக் கெடாமல் இருக்கும்? வைப்பதற்கும் எடுப்பதற்கும் முறை இருந்தால் அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொல்ல வேண்டுகிறேன்.

பேக்கரி மாஸ்டர் (கோயம்புத்தூர்):

வணக்கம் அம்மா. பேக்கரித் தொழிலில் இருப்பவர்கள் எவரும் பிரெட்டைப் பிரிட்ஜில் வைப்பதில்லை. அன்றன்றைக்கு விற்றால் அலமாரி, இல்லையென்றால் ஃப்ரீசர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குளிர்தான் பிரெட்டுக்கு ஆகாதது. காரணத்தைப் படித்தவர்கள் சொல்லட்டும். நான் கைவேலையைச் சொல்கிறேன்.

அடுப்பிலிருந்து எடுத்த லோஃபை அச்சிலிருந்து உடனே கவிழ்த்துக் கம்பித் தட்டின்மேல் ஆறவிட வேண்டும். அடுப்பை விட்டு வரும்போது அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸில் இருக்கும். முழுதாக ஆறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். மேல்புறம் ஆறிவிட்டதே என்று ஏமாந்துவிடக் கூடாது. லோஃபைத் தூக்கி அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சிறிதளவு சூடு தெரிந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். சூட்டோடு அறுத்தால் கத்தியின் பல்லில் பசைபோல மாவு ஒட்டிக்கொண்டு வரும். சூட்டோடு பையில் போட்டுக் கட்டினால் ஆவி முழுவதும் பைக்குள்ளேயே நீராக இறங்கி, ஃப்ரீசரில் பனித்தூளாக மாறி, பிறகு பிரெட்டின் தலையிலேயே உருகும். உங்கள் நாத்தனார் வீட்டில் கண்ட பிசுபிசுப்புக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆறியதும் துண்டு போட்டு, ஒரு வேளைக்கு வேண்டிய அளவை ஒரு பொட்டலமாகக் கட்டி, சுட்ட அன்றே ஃப்ரீசருக்குள் தள்ளிவிடுங்கள். "இரண்டு நாள் சாப்பிடுவோம், மிஞ்சியதை வைப்போம்" என்பது பெரும்பாலான வீடுகளில் நடப்பது. இரண்டு நாள் பழையதை வைத்தால் இரண்டு நாள் பழையதுதான் திரும்பி வரும். ஃப்ரீசர் எதையும் புதிதாக்கிக் கொடுக்காது.

மாவும் நீரும் (தஞ்சாவூர்):

மாஸ்டர் ஐயா விட்டுவைத்த காரணத்தை நான் எழுதுகிறேன். உணவுத் தொழில்நுட்பம் கற்பிப்பவள் என்பதால் சற்று நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெட் பழையதாவது என்றால் அது காய்ந்துபோவது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 1852இலேயே பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், நீர் வெளியேறாதபடி மூடி வைத்த பிரெட்டும் விறைத்துப்போகிறது என்றும், அதை மறுபடி சூடாக்கினால் மீண்டும் இளகுகிறது என்றும் சோதித்துக் காட்டினார். நீர் அதே அளவில் உள்ளேயே இருக்கிறது. மாறுவது மாவுச்சத்தின் அமைப்பு.

மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. சுடும்போது மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதி, உள்ளே ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த மூலக்கூறுகள் குலைந்து கூழாகின்றன. பிரெட் ஆறும்போதே அமைலோஸ் இறுகிவிடுகிறது. துண்டு போடுமளவுக்கு லோஃப் உருவம் கொள்வது அதனால்தான். கிளைகள் நிறைந்த அமைலோபெக்டின் மெதுவாக, அடுத்தடுத்த நாட்களில் மறுபடியும் அடுக்காகச் சேர்ந்து படிகமாகிறது. அந்த வேளையில் சுற்றியிருக்கும் நீரையும் தன்னோடு பிடித்துக்கொள்வதால் பிரெட் நம் நாக்குக்கு உலர்ந்ததுபோலத் தெரிகிறது. நேற்று வடித்த சோற்றைப் பிரிட்ஜில் வைத்தால் காலையில் விறைவிறையாக இருக்கிறதே, அதுவும் இதே மாற்றம்தான்.

இந்தப் படிகமாதல் எல்லா வெப்பநிலையிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது நம் பிரிட்ஜ் இயங்கும் 4 டிகிரியை ஒட்டி, மிக வேகமாக நடக்கிறது. சமையலறை மேடையின் 30 டிகிரியில் அதைவிட மெதுவாகத்தான் நடக்கும். மைனஸ் 18 டிகிரிக்குப் போய்விட்டால் நீர் உறைந்து, மூலக்கூறுகள் நகர்வதற்கே இடமில்லாமல் போவதால், மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே ஃப்ரீசருக்குப் போகும்போதும் அங்கிருந்து வரும்போதும் பிரெட் அந்த 4 டிகிரி வட்டாரத்தை எவ்வளவு விரைவாகக் கடக்கிறதோ அவ்வளவு நல்லது. முழு லோஃபின் நடுப்பகுதி அதைக் கடக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். துண்டுகளைத் தட்டையாகப் பரப்பி, ஃப்ரீசரின் அடித்தகட்டின்மேல் ஓர் அலுமினியத் தட்டில் வைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். உறைந்த பிறகு அடுக்கிக்கொள்ளலாம்.

சூடாக்குவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமைலோபெக்டின் படிகங்கள் 60 டிகிரியை ஒட்டி உருகிவிடுகின்றன. எனவே உறைந்த பிரெட்டை அறைச்சூட்டுக்குக் கொண்டுவந்து அப்படியே சாப்பிடுவதைவிட, உட்பகுதி வரை சூடு ஏறும்படி ஒருமுறை காட்டி எடுப்பது மென்மையைத் திருப்பித் தருகிறது. அந்த மென்மை ஆறும் வரைக்கும்தான். ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் சிறிது நீர் ஆவியாகிப் போகிறது. அதனால் ஒருமுறை சூடாக்கியதை வைத்திருந்து மறுபடி சூடாக்கினால் முதல் முறையின் பலன் கிடைக்காது.

சிக்கனச் சமையல் (மதுரை):

அம்மையார் சொல்லும் அறிவியலை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கடைப் பிரெட்டைப் பிரிட்ஜில்தான் வைக்கிறோம். எங்கள் தெருவில் பல வீடுகளிலும் அப்படித்தான். யாரும் அதைப் பச்சையாகச் சாப்பிடுவதில்லை. தோசைக்கல்லில் நெய் தடவி முறுகலாகச் சுட்டுத்தான் சாப்பிடுகிறோம். அப்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. மேலும், ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேலே இருக்கும் சிறு அறையில் ஐஸ்கிரீமே கெட்டியாக நிற்பதில்லை. அதில் பிரெட்டை வைத்து என்ன பயன்? பெரிய ஃப்ரீசர் உள்ளவர்களுக்கான அறிவுரையை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது சரியல்ல என்பது என் கருத்து.

மாவும் நீரும் (தஞ்சாவூர்):

மதுரை நண்பர் சொல்வதில் இரண்டும் நியாயமானவை. முறுகலாகச் சுடும்போது அந்தப் படிகங்கள் உருகிவிடுவதால், எப்படியும் டோஸ்ட் செய்யப் போகிறவருக்குப் பிரிட்ஜ் பெரிய தீங்கு செய்வதில்லை. கடைப் பிரெட்டுக்கு வேறொரு சாதகமும் உண்டு. பாக்கெட்டின் பின்புறம் 282 என்ற எண் அச்சிட்டிருந்தால் அது கால்சியம் புரோப்பியோனேட், பூஞ்சையைத் தாமதப்படுத்துவது. 471, 472 வரிசை எண்கள் மாவுச்சத்தோடு சேர்ந்து விறைப்பைத் தள்ளிப்போடும் குழம்பாக்கிகள். மயிலை அம்மாவின் வீட்டு லோஃபில் இவை எதுவும் இல்லை. அதைச் சாண்ட்விச்சாகவோ, ஜாம் தடவியோ மென்மையாகச் சாப்பிட விரும்புகிறவருக்குப் பிரிட்ஜ் உதவாது.

ஒற்றைக் கதவுப் பெட்டியைப் பற்றிச் சொன்னது முக்கியமானது. உறைய வைக்கும் அறைகளுக்கு உலக அளவில் நட்சத்திரக் குறியீடு ஒன்று உண்டு. ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. நம் நாட்டில் பெட்டியின் கதவில் ஒட்டப்படும் நட்சத்திரங்கள் மின்சிக்கனத்தைக் குறிப்பவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரெட்டில் உப்பும் சர்க்கரையும் கரைந்திருப்பதால் அது பூஜ்ஜியத்தில் உறைவதில்லை. மைனஸ் 5 டிகிரியை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் உறையத் தொடங்குகிறது. ஐஸ்கிரீம் இளகி நிற்கும் அறையில் பிரெட் பாதி உறைந்தும் பாதி உறையாமலும் கிடக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் ஒரு வாரத்துக்குமேல் வைக்காமல் இருப்பதே நல்லது. சிறிய கம்பி வெப்பமானி ஒன்றை உள்ளே ஓர் இரவு வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நல்லூரான் (யாழ்ப்பாணம்):

இங்கே பிரெட்டைப் பாண் என்போம். நாங்கள் வாங்குவது 450 கிராம் இறாத்தல் பாண். அச்சுப் பாண், ரோஸ் பாண் இரண்டையும் ஃப்ரீசரில் வைத்துப் பார்த்திருக்கிறோம். அச்சுப் பாண் நன்றாகத் தாங்குகிறது. ரோஸ் பாணின் மொறுமொறுப்பு முதல் நாள் மாலையுடனேயே போய்விடும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் மேலோடு தோல்போல இழுபடுகிறது.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். எங்கள் ஃப்ரீசரில் மீனும் இறாலும் எப்போதும் இருக்கும். எவ்வளவு கட்டி வைத்தாலும் பாணில் மீன் வாடை ஏறிவிடுகிறது. அடுத்தது மின்வெட்டு. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த காலத்தை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. இடையில் உருகிய பாணை மறுபடி உறையவிடலாமா, அல்லது எறிந்துவிட வேண்டுமா?

பேக்கரி மாஸ்டர் (கோயம்புத்தூர்):

வாடைக்கு வழி இரட்டைக் கட்டுதான் தம்பி. கடையில் கொடுக்கும் மெல்லிய பிரெட் கவர் வழியாகக் காற்றும் போகும், வாடையும் போகும். முதலில் கிளிங் ஃபிலிமையோ பட்டர் பேப்பரையோ பிரெட்டோடு ஒட்டினாற்போலச் சுற்றுங்கள். அதன்மேல் தடித்த ஜிப் பை. பையின் வாயை விரல் நுழையும் அளவுக்கு மட்டும் விட்டு மூடி, உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு முழுதாக மூட வேண்டும். பிரெட் நசுங்காத அளவுக்கு அழுத்தினால் போதும். மீனை மூடி போட்ட டப்பாவில் கீழ்த்தட்டிலும் பிரெட்டை மேல்தட்டிலும் வையுங்கள். உறைந்த பிரெட்டின்மேல் வேறு எதையும் ஏற்றக் கூடாது, ஓரம் நொறுங்கிவிடும்.

மாவும் நீரும் (தஞ்சாவூர்):

மின்வெட்டைப் பற்றி: கதவைத் திறக்காமல் வைத்தால், நிறைந்திருக்கும் நல்ல ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. பிரிட்ஜின் மேலறை அந்த அளவுக்குத் தாங்காது. மீனுக்கும் இறைச்சிக்கும் இருக்கும் ஆபத்து வெறும் பாணுக்கு இல்லை. சில மணி நேரம் உருகிக் கிடந்து மறுபடி உறைந்தால் நோய் வராது. தரம் ஒரு படி இறங்கும், அவ்வளவுதான். பக்கத்தில் உருகிய மீனின் நீர் பாணில் பட்டிருந்தால் மட்டும் யோசிக்காமல் எறிந்துவிட வேண்டும்.

இதோடு சேர்த்து ஒரு விஷயம். உறைய வைப்பது பூஞ்சையைக் கொல்வதில்லை. அதன் வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் புள்ளியை மட்டும் கிள்ளியெறிந்துவிட்டு மிச்சத்தை ஃப்ரீசரில் வைப்பவர்கள் உண்டு. பிரெட்டைப்போன்ற மென்மையான பொருளுக்குள் பூஞ்சையின் இழைகள் ஆழமாகப் பரவியிருக்கும் என்பதால் அந்த லோஃபை முழுவதுமாகவே விட்டுவிட வேண்டும்.

பேக்கரி மாஸ்டர் (கோயம்புத்தூர்):

நல்ல வேளையாக நினைவூட்டினீர்கள். கோடைக்காலத்தில் இன்னொன்றும் வரும். பிரெட்டைப் பிட்டால் உள்ளே நூல் நூலாக இழுக்கும். பழுத்துப்போன அன்னாசிப் பழத்தின் வாடை அடிக்கும். மாவோடு வரும் ஒரு பாக்டீரியாவின் வேலை அது. அதன் வித்துகள் அடுப்புச் சூட்டுக்கும் சாகாது, ஃப்ரீசர் குளிருக்கும் சாகாது. வெயில் நாட்களில் மாவு பிசையும்போது சிறிது வினிகர் சேர்ப்பது பேக்கரிகளின் பழைய வழக்கம். அந்த வாடை வந்த லோஃப் ஃப்ரீசருக்குப் போகவே கூடாது.

லா சப்பல் வாசி (பாரிஸ்):

நல்லூர் அண்ணாவின் ரோஸ் பாணுக்கு நேர்ந்ததே இங்கே பகெத் என்ற நீளமான பிரெஞ்சு ரொட்டிக்கும் நேர்கிறது. பகெத்தில் கொழுப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மெல்லிய உருவம், பெரிய மேலோடு. காலையில் வாங்கியது இரவுச் சாப்பாட்டுக்குள் கட்டையாகிவிடும். அதனால்தான் இந்நாட்டவர் தினமும் கடைக்குப் போகிறார்கள்.

உறைய வைப்பதைப் பற்றி இங்கே சட்டமே உண்டு என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 1993 செப்டம்பரில் வந்த ஆணையின்படி, பிரெஞ்சு மரபு ரொட்டி என்ற பெயரில் விற்கப்படுவது தயாரிப்பின் எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கப்பட்டிருக்கக் கூடாது. 1998இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி போய், மாவைப் பிசைவது முதல் சுடுவது வரை அவ்விடத்திலேயே செய்து, எதையும் உறைய வைக்காமல் விற்பவர் மட்டுமே தன் கடைக்கு 'புலாஞ்செரி' (ரொட்டிக் கடை) என்று பெயர்ப்பலகை மாட்டலாம் என்றது. 2023இல் பாரிஸ் நகரின் சிறந்த மரபுப் பகெத்துக்கான பரிசை இருபதாம் வட்டாரத்தில் கடை நடத்தும் நம் தர்ஷன் செல்வராஜா வென்றபோது, ஓராண்டு காலம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி வழங்கும் பொறுப்பும் அதனுடன் அவருக்குக் கிடைத்தது. அந்த வாரம் இந்தத் தெருவில் எல்லோருடைய வாயிலும் அதே பேச்சுத்தான்.

சட்டம் கடைக்காரருக்குத்தான், வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நாம் உறைய வைப்பதை எவரும் தடுக்கவில்லை. எங்கள் வீட்டில் வாங்கிய அன்றே பகெத்தை மூன்றாக வெட்டி, இறுகச் சுற்றி வைக்கிறோம். எடுக்கும்போது சுற்றுடனேயே அரை மணி நேரம் வெளியில் விட்டு, பிறகு பிரித்து, நனைத்த கையால் மேலோட்டை ஒருமுறை தடவி, 200 டிகிரிக்குச் சூடாக்கிய அடுப்பில் ஐந்து முதல் எட்டு நிமிடம் நேராகக் கம்பியின்மேல் வைக்கிறோம். மேலோட்டில் இருந்த ஈரம் ஆவியாகிப் போகும்போது அது மறுபடி முறுகுகிறது. அடுப்பிலிருந்து எடுத்துக் காதருகே வைத்து லேசாக அழுத்தினால் சடசடவென்று கேட்கும். சில நேரம் மேலோடு செதில் செதிலாக உதிர்வதும் உண்டு. உள்ளும் புறமும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் அப்படி ஆகிறது என்று ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் விளக்கினார்.

ரோஸ் பாணுக்கும் இதையே செய்து பாருங்கள் அண்ணா. அடுப்பு இல்லையென்றால் மூடி போட்ட கனமான இரும்புச் சட்டி போதும்; கடைசி ஒரு நிமிடம் மூடியைத் திறந்துவிட வேண்டும்.

ஸ்கார்பரோ அம்மா (டொராண்டோ):

சுற்றுடனேயே உருக விட வேண்டும் என்று பாரிஸ் தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. பையை அவிழ்க்காமல் விட்டால் உள்ளிருக்கும் பனித்தூள் உருகிப் பாணிலேயே ஊறுகிறது. நான் எப்போதும் பையிலிருந்து எடுத்து, துண்டுகளைத் தட்டில் பரப்பி, மேலே ஒரு துணியை மட்டும் போட்டு வைக்கிறேன். கால் மணி நேரத்தில் இளகிவிடும், ஈரமும் இருக்காது.

மாவும் நீரும் (தஞ்சாவூர்):

இருவர் சொல்வதும் அவரவர் ஊருக்குப் பொருந்துகிறது. கனடாவின் குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் காற்று மிகவும் வறண்டது. மூடாமல் வைத்த துண்டின்மேல் பனித்துளி பிடிப்பதற்கு அந்தக் காற்றில் ஈரமே இல்லை. எதிர்ப்பட்ட ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்சம் அசந்தால் துண்டு காய்ந்துவிடும் என்பது மட்டுமே அங்குள்ள ஆபத்து. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அதே துண்டை மைனஸ் 18 டிகிரியிலிருந்து எடுத்துத் திறந்தபடி மேடையில் வைத்தால், குளிர்ந்த நீர்ச் செம்பில் வியர்ப்பது போலக் காற்றின் ஈரமெல்லாம் பிரெட்டின்மேல் வந்து படியும். மயிலை அம்மா கேட்ட பிசுபிசுப்புக்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நம் ஊரில் சுற்றைப் பிரிக்காமல் வைத்தால் அந்த நீர் பையின் வெளிப்புறத்தில் படியும். பிரெட் அறைச்சூட்டுக்கு வந்த பிறகு பையைத் துடைத்துவிட்டுப் பிரிக்கலாம்.

பைக்குள் சேரும் பனித்தூள் வேறு. அது பிரெட்டிலிருந்து போன நீரேதான். பைக்குள் காலி இடம் அதிகம் இருந்தால், பிரெட்டின் நீர் பனியாக இருக்கும் நிலையிலேயே ஆவியாகி, பையின் குளிர்ந்த சுவரில் போய்ப் படிகிறது. பனி சேராத வகை ஃப்ரீசர்கள் அவ்வப்போது தம்மைத் தாமே சூடாக்கிப் பனியை உருக்கிக்கொள்வதால் இந்த ஏற்ற இறக்கம் அவற்றில் கூடுதலாக நடக்கும். அதன் விளைவாகத்தான் ஓரங்களில் வெளிறிய, உலர்ந்த திட்டுகள் தோன்றுகின்றன; அவை மறுபடி மென்மையாவதில்லை. காற்றை நன்றாக வெளியேற்றிக் கட்டினால் இது வெகுவாகக் குறையும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடனே பனித்தூளைத் தட்டிவிட்டுப் பையை மறுபடி மூடிவிட்டால் ஸ்கார்பரோ அம்மாவின் குறையும் தீர்ந்துவிடும்.

எவ்வளவு காலம் என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. மைனஸ் 18 டிகிரியில் பிரெட் எத்தனை மாதமானாலும் உண்ணத் தகாததாக ஆகாது. சுவைக்காகப் பார்த்தால் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். மூன்று மாதத்துக்குமேல் வைத்திருப்பதில் பொருளில்லை. பையின்மேல் தேதியை எழுதுங்கள்.

சிக்கனச் சமையல் (மதுரை):

மைக்ரோவேவில் வைத்தால் இத்தனை தொல்லையும் இல்லையே? அரை நிமிடத்தில் பஞ்சுபோல ஆகிவிடுகிறது. ஆனால் தட்டுக்கு வந்து டீ குடித்து முடிப்பதற்குள் செருப்புத் தோலாகிவிடுகிறது. இது ஏன்?

மாவும் நீரும் (தஞ்சாவூர்):

பனிக்கட்டி மைக்ரோவேவ் அலைகளை மிகக் குறைவாகவே உள்வாங்கும். உருகிய நீர் மிகுதியாக உள்வாங்கும். உறைந்த பிரெட்டில் எந்த இடம் முதலில் உருகுகிறதோ அந்த இடமே மேலும் மேலும் சூடாகி, பக்கத்து இடம் இன்னும் பனியாக இருக்கும்போதே கொதிநிலையைத் தொட்டுவிடுகிறது. அங்கே நீர் ஆவியாகிப் போவதும், மாவுச்சத்தும் புரதமும் மிகையாகச் சூடேறி ஆறும்போது இறுகுவதும் சேர்ந்து அந்தத் தோல் தன்மையைத் தருகின்றன. அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். ஈரத் துணியில் சுற்றி, ஒரு துண்டுக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்குமேல் வைக்காமல், எடுத்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும்.

டோஸ்டர் உள்ளவர்கள் உருகவிட வேண்டிய தேவையே இல்லை. உறைந்த துண்டை அப்படியே போடலாம். தோசைக்கல்லிலும் அப்படியே. முதலில் மிதமான தீயில் மூடி வைத்து, ஆவி உள்ளே போன பிறகு மூடியை எடுத்து முறுக விடுங்கள். பெரிய தீயில் நேரடியாக வைத்தால் வெளியே கருகி உள்ளே சில்லென்று இருக்கும்.

சர்க்கரைக் கணக்கு (திருச்சி):

நான் சர்க்கரை நோயாளி. ஃப்ரீசரில் வைத்த பிரெட் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்று ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா?

மாவும் நீரும் (தஞ்சாவூர்):

ஏற்றாது என்பது தவறு. சற்றுக் குறைவாக ஏற்றலாம் என்பது வரைக்கும் ஆதாரம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் நலமுள்ள பத்துப் பேருக்கு வெள்ளைப் பிரெட் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டு முறையில் சுட்ட பிரெட்டை உறைய வைத்து உருக்கிக் கொடுத்தபோது இரண்டு மணி நேரத்துக்கான சர்க்கரை ஏற்றம் புதிய பிரெட்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உறைய வைத்ததை டோஸ்ட்டும் செய்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. கடைப் பிரெட்டில், டோஸ்ட் செய்தபோதுதான் தெளிவான குறைவு தெரிந்தது. உறைய வைத்து உருக்கியதால் மட்டும் அல்ல. படிகமான மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாக மாறுவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

பத்தே பேர், அவர்களில் எவரும் சர்க்கரை நோயாளி அல்லர். இதை நம்பி இரண்டு துண்டு இடத்தில் நான்கு துண்டு சாப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். உங்கள் வீட்டு மீட்டரில் சாப்பாட்டுக்குப் பின் அளந்து பாருங்கள்; மருந்தளவை மருத்துவரிடம் கேளாமல் மாற்றாதீர்கள்.

ஸ்கார்பரோ அம்மா (டொராண்டோ):

சுட்ட பாணைப் பேசுகிறோம். பிசைந்த மாவையே உருண்டையாக உறைய வைத்தால் வேண்டியபோது சுடலாமே?

நெறியாளர்:

நல்ல கேள்வி அம்மா. ஆனால் மாவை உறைய வைப்பது ஈஸ்ட்டைப் பற்றியது. குளிரில் அதில் ஒரு பகுதி இறந்துபோவதும், இறந்த ஈஸ்ட் மாவின் இழுவையைத் தளர்த்துவதும், அதற்கு ஈடாக ஈஸ்ட்டைக் கூட்டிப் போடுவதும் தனியாகப் பேச வேண்டியவை. புதிய இழை ஒன்றைத் தொடங்குங்கள். இங்கே சுட்ட பிரெட்டோடு நிற்போம்.

மயிலை வாசகி (சென்னை):

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை சுட்ட லோஃபை மாஸ்டர் சொன்னபடி ஆறவைத்து, அறுத்து, இரண்டிரண்டு துண்டாகக் கட்டி அன்றே வைத்துவிட்டேன். இடையில் பட்டர் பேப்பர் வைத்ததால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இன்று காலை ஒரு பொட்டலத்தை எடுத்துத் தோசைக்கல்லில் மூடி வைத்துச் சூடாக்கினேன். உட்பகுதி இளகி இருந்தது. கத்தி வைத்தபோது உதிரவில்லை. ஆனால் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கேட்பது தேங்காய் பன், கிரீம் பன் போன்றவை. அவற்றையும் முன்கூட்டியே வாங்கி இப்படி வைக்கலாமா? பன்னைக் கல்லில் போட்டால் அடி மட்டும் கருகுமே?

பேக்கரி மாஸ்டர் (கோயம்புத்தூர்):

வெறும் பன்னும் பட்டர் பன்னும் பிரெட்டைவிட நன்றாகத் தாங்கும் அம்மா. சர்க்கரையும் கொழுப்பும் அவற்றில் கூடுதல். தேங்காய் பன்னைத் தாராளமாக வைக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளிருக்கும் தேங்காயில் சிக்கு வாடை வந்துவிடும். எடுக்கும்போது கல் வேண்டாம். சுற்றுடன் ஒரு மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு, பிரித்து, இட்லிப் பானையில் தட்டின்மேல் உலர்ந்த துணி விரித்து மூன்று நிமிடம் ஆவியில் வையுங்கள். மூடியின் உட்புறத்திலும் ஒரு துணியைக் கட்டிவிட்டால் நீர் சொட்டாது. மேலே சர்க்கரை தூவிய பன்னாக இருந்தால் ஆவியில் கரைந்துவிடும். அதை மட்டும் ஓடிஜியில் 150 டிகிரியில் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

கிரீம் பன்னை வைக்காதீர்கள். உருகும்போது கிரீமில் இருக்கும் நீர் பிரிந்து பன்னுக்குள் இறங்கிவிடும். வெறும் பன்னை உறைய வைத்து, பிள்ளைகள் வந்த பிறகு கிரீமை அடித்து உள்ளே வைத்துக் கொடுங்கள்.